அத்தியாயம் 6: உங்களுக்குப் பிறகு யார் கையில்?

மாளிகாவத்தையில் ஒரு கடைக்கு நீங்கள் இன்று செய்துகொடுக்கும் இணையத்தளத்தை மூன்று வருடம் கழித்து யார் திறந்து திருத்துவார்? பெரும்பாலும் நீங்களாக இருக்கமாட்டீர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, கொழும்பில் கணினி வேலை பார்த்தவர்களைத் தேடிப் பாருங்கள்: ஒருவர் டோஹாவில், ஒருவர் துபாயில், இன்னொருவர் மெல்பர்னில். கூட இருந்தவர் விமானம் ஏறியபின், அவர் எழுதிய நிரலோடு தனியே மல்லுக்கட்டிய அனுபவம் இந்தத் தொழிலில் பலருக்கு உண்டு. கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைக்கார நானாவும் அவருடைய மகனும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு விலை மாற்ற வேண்டும், புது போன் நம்பர் போட வேண்டும், பெருநாள் விடுமுறையை அறிவிக்க வேண்டும்.

அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகிறது. எந்தத் தொழில்நுட்பம் என்று தீர்மானிக்கும்போது, அதைப் பிறகு எடுத்து நடத்தப்போகிற ஆளை முதலில் மனதில் வையுங்கள். வேகம், அழகு, புதுமை எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

பிளேன்டீ வருவதற்குள் கேட்க வேண்டியவை

இந்தப் பக்கத்தில் வேலை எப்போதும் ஒரே மாதிரித்தான் ஆரம்பமாகும். "தம்பி, ஒரு வெப்சைட் செய்ய எவ்வளவு முடியும்?" விலையை உடனே சொல்லிவிடாதீர்கள். தளத்தில் எது மாறும், எத்தனை நாளுக்கொரு முறை மாறும், மாற்றப்போவது யார், அவர் கையில் இருப்பது கணினியா போனா என்று கேளுங்கள். பதில் வந்ததும் பாதித் தெரிவு முடிந்துவிடும்.

செட்டியார் தெரு நகைக்கடைக்காரருக்குக் காலையில் மாறுவது பவுன் விலை ஒன்றுதான். கடை திறக்கிற அவசரத்தில், ஒரு கையில் சாவியோடு, போனில் மாற்றுவார். அவருக்கு வேண்டியது ஒரு பெட்டி, ஒரு பொத்தான். முப்பது மெனு தொங்கும் நிர்வாகப் பக்கத்தைக் கொடுத்தால் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவார். பழைய விலை காட்டும் நகைக்கடைத் தளத்தைவிடத் தளமே இல்லாமல் இருப்பது மேல்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையின் கதை வேறு. பாகங்கள் ஆயிரக்கணக்கில், இருப்பு தினமும் மாறும், எது இருக்கிறது என்ற கணக்கு முதலாளியின் தலைக்குள். அங்கே போய் ஒன்லைனில் காசு வாங்கும் முழுக் கடையைக் கட்டித் தந்தால், கையில் இல்லாத பம்பருக்குப் பதுளையிலிருந்து ஒருவர் காசு கட்டிவிடுவார். பிறகு சண்டை உங்களோடுதான். வாகனத்தையும் பாக எண்ணையும் தட்டினால் படத்தைக் காட்டி, "இருக்கிறதா?" என்ற கேள்வியோடு வொட்ஸ்அப்பைத் திறக்கும் எளிய தேடல் பக்கம் அங்கே போதும். வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்துக்கு முக்கியம் நாட்காட்டி. எந்தத் திகதி போய்விட்டது என்று தெரிந்தால் போன் அழைப்பில் பாதி குறையும்.

இந்த மூன்று இடத்துக்கும் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் தனக்குத் தெரிந்ததை விற்கிறார், அவ்வளவுதான்.

பழையதைத் தெரிவுசெய்வதில் வெட்கமில்லை

டேன் மெக்கின்லி என்ற அமெரிக்க நிரலாளர் 2015இல் ஒரு கட்டுரை எழுதினார். சலிப்பூட்டும் தொழில்நுட்பத்தையே தெரிவுசெய்யுங்கள் என்பது அதன் வாதம். ஒரு நிறுவனத்துக்குப் புதுமைக்கென்று ஏறக்குறைய மூன்று வில்லைகள்தான் இருக்கின்றன, பார்த்துச் செலவழியுங்கள் என்றார். மூன்று பேர் ஒரு மேசையைப் பகிர்ந்துகொள்ளும் நம்மூர் ஸ்டூடியோவுக்கு மூன்று வில்லை அதிகம். ஒன்று போதும். அந்த ஒன்றையும் நான் மொழிக்குச் செலவழிக்கச் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

சாதாரண வியாபாரத் தளத்துக்கு வேர்ட்பிரஸ் போதும் என்று நான் சொல்லும்போது இளைய நிரலாளர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அதன்மீது காதல் கிடையாது. ஆனால் 2003இல் வந்த அந்த மென்பொருளில்தான் இன்று உலகின் இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் ஓடுகின்றன. நீங்கள் நாட்டைவிட்டுப் போனாலும் மருதானையிலோ தெமட்டகொடையிலோ அதைத் திறக்கத் தெரிந்த ஒரு பொடியன் கிடைப்பான். பஞ்சிகாவத்தை முதலாளிக்கு இதை விளக்கவே தேவையில்லை: எந்தச் சந்தியிலும் பாகம் கிடைக்கும் வண்டி எது, ஒரு கண்ணாடிக்கு ஜெர்மனியிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வைக்கும் வண்டி எது என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நம் கண்முன்னால் இருக்கும் நல்ல எடுத்துக்காட்டு நூலகம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்ப்பதற்கு 2005இல் தொடங்கிய அந்தத் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. விக்கிப்பீடியாவை ஓட்டும் அதே மென்பொருள்தான். நூலுக்கு ஒரு பக்கம், ஓர் எண், ஒரு பீடிஎஃப். பார்வைக்குப் பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தன்னார்வலர்கள் வருவார்கள், போவார்கள். புதிதாக வருகிறவர் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்தியிருந்தால் முதல் நாளே இங்கேயும் வேலை தொடங்கலாம். அந்தக் காலத்தில் யாராவது கெட்டிக்காரர் தன் கையாலேயே ஒரு நூலக மென்பொருளை எழுதியிருந்தால் அவர் போன அன்று அதுவும் போயிருக்கும்.

புதியது எவ்வளவு சீக்கிரம் பழையதாகிறது என்பதற்குத் திகதிகளே சாட்சி. கொழும்பில் ஒரு காலத்தில் ஹோட்டல் தளம் என்றாலே ஆடும் எழுத்தும் பாட்டும் கொண்ட ஃபிளாஷ்தான். 2020 டிசம்பர் 31ஓடு அதன் கதை முடிந்தது. அங்கியுலர்ஜேஎஸ் 2021 கடைசியில் கைவிடப்பட்டது. துருபல் 7க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2025 ஜனவரி 5ஓடு நின்றது. ரியாக்ட் படிக்கும் எல்லோருக்கும் முதல் பாடமாக இருந்த கிரியேட் ரியாக்ட் அப்பை, 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே புதிய வேலைகளுக்கு வேண்டாம் என்று அறிவித்தது. அடுத்தவர் எழுதிய சிறு பொதிகளை நம்பியிருப்பதன் விலை 2016 மார்ச்சில் தெரிந்தது. லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, உலகமெங்கும் பெரிய பெரிய திட்டங்களைக் கட்டமுடியாமல் போனது.

இதற்கெல்லாம் தப்பி நிற்பது வெறும் எச்டிஎம்எல். 1991இல் செர்ன் ஆய்வுகூடத்தில் எழுதிய முதல் இணையப் பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை மாறும் தளத்துக்குத் தரவுத்தளமே தேவையில்லை. நாலு பக்கத்தைக் கையால் எழுதி ஏற்றிவிடுங்கள். உடைக்க யாருக்கும் வழி இருக்காது.

வேர்ட்பிரஸைத் தெரிவுசெய்துவிட்டால் எல்லாம் சரி என்று படுத்துவிடவும் முடியாது. பிளகின் ஒவ்வொன்றும் இன்னொரு ஆளின் விருப்பத்தில் தொங்குகிறது. பத்துக்கு மேல் போனால் நின்று யோசியுங்கள். இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் பிளகின்களில் செய்த வேலை, அந்தப் பிளகினை எடுத்த அன்றே குப்பையாகக் கொட்டும். காசுக்கு விற்கும் தீம் ஒன்றை யாரோ உடைத்து இலவசமாகத் தருகிறார்கள் என்றால் அதைத் தொடவே வேண்டாம், உள்ளே பெரும்பாலும் திருட்டு நிரல் இருக்கும். ஆறுமாதம் கழித்து நானாவின் தளத்தில் சூதாட்ட விளம்பரம் தெரியும்போது பள்ளிவாசல் வாசலில் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

டொலரும் தடையும்

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. அதுவரை 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மாதம் 10 டொலர் ஹோஸ்டிங் என்று எடுத்திருந்த தளத்தின் செலவு 2,000 ரூபாவிலிருந்து 3,600க்குத் தாவியது. தளம் அதே தளம், கடையில் வியாபாரம் பாதி. ஒவ்வொரு வருடமும் டொலரில் புதுப்பிக்க வேண்டிய பிளகின் உரிமங்கள் வேறு. அன்றிலிருந்து நான் சொல்வது: விலைமனுவில் டொலரில் கட்டவேண்டியவற்றைத் தனி வரியாக எழுதுங்கள். தொகையை டொலரிலேயே எழுதி, கட்டும் அன்றைய மாற்றுவிலை பொருந்தும் என்று போடுங்கள். ரூபாவில் அடக்கிச் சொன்னால் வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகும்.

பணம் வாங்கும் வழியிலும் வெளிநாட்டுப் பாடங்கள் உதவாது. யூடியூபில் பார்க்கும் கடை கட்டும் பாடமெல்லாம் ஸ்ட்ரைப்பிலோ பேபாலிலோ முடியும். நம்மூர் வியாபாரிக்குக் காசு வாங்கும் கணக்கை அவை நீண்டகாலமாகத் தரவில்லை. பேஹியர் போன்ற உள்ளூர் வாயில் எந்த மென்பொருளுக்கு இணைப்புத் தருகிறது என்று முதலில் பாருங்கள், மென்பொருளைப் பிறகு தெரிவுசெய்யுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு வேலை. பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தபின் காசு தரும் வழியையும் மறக்காமல் வையுங்கள், பலருக்கு அதுதான் நம்பிக்கை.

"பேஸ்புக் இருக்கிறதே, தளம் எதுக்கு?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது பேஸ்புக், வொட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் அரசு ஒரு வாரமளவில் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு ஒன்பது நாள் முடக்கம், அடுத்த மாதம் மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கு நேரத்தில் இன்னொரு தடவை. அந்த நாட்களில் சொந்தத் தளங்கள் திறந்தன, தொலைபேசி அடித்தது, எஸ்எம்எஸ் போனது. ஓடர் முழுவதும் வொட்ஸ்அப்பில் வந்த கடைகளுக்குத்தான் வாசல் அடைபட்டது. இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்கு அந்த மாதங்களின் நினைவு வேறு காரணங்களுக்காகவும் கசப்பானது. அதை அதிகம் கிளறாமல் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: தளத்தின் எல்லாப் பக்கத்திலும் சாதாரண போன் நம்பர் இருக்கவேண்டும், வாடிக்கையாளரின் நம்பர்கள் கடையின் கையில் ஒரு பட்டியலாக இருக்கவேண்டும்.

பட்டியல் என்றதும் ஒரு எச்சரிக்கை. உம்ரா, ஹஜ் பயண முகவர்கள் கடவுச்சீட்டின் படத்தைத் தளத்திலேயே வாங்கச் சொல்வார்கள். வேர்ட்பிரஸில் சாதாரணமாக ஏற்றும் கோப்பு பொதுவான ஒரு கோப்புறையில் போய் விழும். முகவரி தெரிந்த எவரும் திறக்கலாம், கூகுளும் கண்டுபிடிக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இது விளையாட்டல்ல. பெயரையும் நம்பரையும் மட்டும் தளத்தில் வாங்குங்கள், கடவுச்சீட்டை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அந்த ஒரு வில்லையை இங்கே செலவழியுங்கள்

கொழும்பில் தளம் என்றால் மூன்று மொழி. மாளிகாவத்தைக் கடைக்காரர் வீட்டில் தமிழ் பேசுவார், வாடிக்கையாளரோடு சிங்களம், கொட்டேஷன் ஆங்கிலத்தில். எந்தக் கருவியைத் தெரிவுசெய்தாலும் மொழியில்தான் முதலில் இடிப்பீர்கள், வெளிநாட்டில் எழுதிய எந்த வழிகாட்டியும் இதற்கு உதவாது.

முதல் தலையிடி பாமினி. கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து வரும் கோப்பு பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். பாமினி அதற்குத் தமிழ்ச் சட்டை மட்டும் போட்டிருந்தது. மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் கோப்பின் நடுவே உண்மையான ஆங்கிலம் இருந்தால், மின்னஞ்சல் முகவரியும் கம்பனிப் பெயரும் உட்பட, மாற்றி அதையும் அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். மாற்றுவதற்கு முன்னால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். இந்த இடமாற்றம் தமிழுக்குப் புதிதல்ல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் டிஸ்கி குறியேற்றத்தில் போட்ட நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றித்தான் வந்தது.

யூனிகோடில் வந்தபின்னும் தேடல் ஏமாற்றும். "கொ" என்பதை ஒரு விசைப்பலகை ககரத்தோடு ஒரே கொம்புக்குறியாக எழுதும், இன்னொன்று ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே எழுதும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போது யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிட்டால் இது தீரும், நிரலில் ஒரு வரி. ஔகாரத்தில் அந்த மருந்தும் வேலை செய்யாது. "மௌலவி" என்று எழுதவேண்டிய இடத்தில் பலர் மெ, பிறகு ள என்று தட்டிவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பள்ளிவாசல் தளத்தில் "மௌலவி" என்று தேடியவருக்குப் பாதிப் பயான்கள் கிடைக்காமல் போகும். "ஸ்ரீ"க்கும் இதே நோய்: 2005இல் யூனிகோடில் தாலவ்ய சகரம் சேர்ந்தபின் அதை எழுத இரண்டு வழி உண்டு. தேடல் பெட்டிக்குப் பின்னால் இத்தகைய இணைகளுக்கு ஒரு சிறு அட்டவணை வையுங்கள்.

சிங்களத்தில் வேறு பொறி. அவர்களுடைய ஸ்ரீ எழுத்து ஒட்டி நிற்பதற்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக்குறி இருக்கிறது. உள்ளீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று தெரியாத குறிகளை எல்லாம் வெட்டும் நிரல், நாட்டின் பெயரையே உடைத்துப்போடும். சிங்களம் வாசிக்கும் நண்பர் ஒருவர் பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் வெளியிடாதீர்கள்.

முகவரியைத் தமிழில் வைப்பதா? ஆசையாக இருக்கும். .இலங்கை என்ற தமிழ் மேல்நிலை டொமைனே 2010இலிருந்து இருக்கிறது. ஆனால் பக்க முகவரியில் தமிழ் எழுதினால், பகிரும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "மாளிகாவத்தை" என்ற ஒரு சொல் 99 எழுத்து நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக வொட்ஸ்அப்பில் போய் நிற்கும்போது அதைத் தொட எவருக்கும் துணிவு வராது. டொமைன் தமிழில் கூடுதலாக ஒன்று இருக்கட்டும்; உள்ளே இருக்கும் பக்கங்களுக்குச் சின்ன ரோமன் முகவரியே நல்லது.

எஸ்எம்எஸ் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழிலோ சிங்களத்திலோ 70. அந்த 70இலும் புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம். "உங்கள் ஓடர் தயாராக உள்ளது" என்பதில் நாம் எண்ணுவது 15 எழுத்தும் 3 இடைவெளியும், கட்டணக் கணக்கில் அது 25. மரியாதையாக ஒரு ஸலாமும் கடைப் பெயரும் சேர்ந்தால் இரண்டாவது செய்திக்குக் காசு ஓடத் தொடங்கும்.

தொழுகை நேரத்துக்கு என்ன மென்பொருள்?

பள்ளிவாசல் நிர்வாகசபைக்குத் தளம் செய்யும் வாய்ப்பு இந்தப் பக்கத்தில் கட்டாயம் வரும். அவர்கள் முதலில் கேட்பது தொழுகை நேரம். இளைய நிரலாளரின் கை உடனே எங்கோ ஒரு வெளிநாட்டுச் சேவையைத் தேடிப் போகும்: அகலக்கோடு, நெடுங்கோடு கொடுத்தால் ஐந்து நேரமும் தானாக வரும். அழகான வேலை, ஆனால் தப்பான தெரிவு. சுபஹுக்கும் இஷாவுக்கும் சூரியன் எத்தனை பாகை கீழே இருக்கவேண்டும் என்பதில் உலகில் பல கணிப்பு முறைகள் உண்டு. உங்கள் தளமும் பள்ளியின் சுவரில் தொங்கும் அட்டவணையும் இரண்டு நிமிடம் வித்தியாசப்பட்டால், நோன்பு காலத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஜமாஅத் முழுவதும் உங்களைக் கேள்வி கேட்கும். கேட்பதும் நியாயம்தான்.

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பிரதேசவாரியாக நேர அட்டவணை வெளியிடுகிறது. சூரியனை வைத்துக் கணிக்கும் நேரங்கள் வருடா வருடம் ஏறக்குறைய அப்படியே திரும்புகின்றன. அப்படியானால் 366 வரி கொண்ட ஒரு சாதாரணக் கோப்பு போதும். தட்டச்சு செய்து, பள்ளி இமாமிடம் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கக் கொடுத்து, தளத்தில் வைத்துவிடுங்கள். சேவை நின்றுபோகும் பயம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை, இணைப்பு மெதுவான போனிலும் உடனே திறக்கும். சேர்வரின் நேரவலயம் மட்டும் கொழும்பு என்று இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் சேர்வரை அப்படியே விட்டால் நள்ளிரவுக்கு இரண்டரை மணித்தியாலம் முன்பே அடுத்த நாளைக் காட்டலாம்.

ஹிஜ்ரித் திகதி இதற்கு நேர்மாறு. உலாவிக்குள்ளேயே உம்முல் குரா நாட்காட்டி இருக்கிறது, ஒரு வரி எழுதினால் திகதி வரும். வருவது சவூதியின் திகதி. இங்கே மாதம் பிறப்பது பிறை கண்டு, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழு ஜம்இய்யத்துல் உலமாவோடும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தோடும் சேர்ந்து அறிவித்தபின். எந்த நிரலாலும் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. செயலாளர் போனில் தொட்டு "இன்று முதல் பிறை" என்று மாற்றுகிற ஒரு பொத்தான் வையுங்கள். தானாக நடக்கட்டும் என்று விடக்கூடிய இடம் எது, ஆள் கைவைக்கவேண்டிய இடம் எது என்பதை இந்த இரண்டு வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன. நம்மில் பலர் இரண்டையும் மாற்றிச் செய்கிறோம்.

மேசைக்கு இந்தப் பக்கம்

ஸ்டூடியோ என்று பெரிதாகச் சொன்னாலும் ஆரம்பத்தில் அது தொடர்மாடி வீட்டின் முன்னறைதான். மேசைக் கணினி வாங்குவதா மடிக்கணினியா என்று 2022க்கு முன்னால் வாதம் நடக்கும். அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபின் வாதம் முடிந்தது. மடிக்கணினி, ரவுட்டருக்கு ஒரு சிறிய பற்றரி, போனில் வேறு நிறுவனத்தின் இணைப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோதும் இந்தக் கூட்டணியை வேலை செய்யும் நிலையில் வைத்திருந்தவர்கள் அன்றைய வேலையை முடித்தார்கள். மேகத்தில் மட்டுமே ஓடும் கருவிகளை முழுவதும் நம்பாதீர்கள். நிரல் உங்கள் கணினியிலும் தனியே ஓடவேண்டும்.

வேலை நாட்காட்டியை இடத்துக்கேற்ப வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைக்காரர் எவரும் போன் எடுக்கமாட்டார். நோன்பின் கடைசிப் பத்தில் உடுப்புக் கடைக்குப் புதுத் தளம் திறக்கப் போகாதீர்கள். அவருக்கு வியாபாரம் உச்சத்தில் இருக்கும், உங்களுக்கு ஒரு கேள்விக்கும் பதில் வராது. நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் திறப்பதே உசிதம். கெத்தாராமையில் பிரேமதாச மைதானத்தில் பகலிரவு ஆட்டம் உள்ள அன்று மாலை வாடிக்கையாளரைச் சந்திக்க வரச் சொன்னால் அவர் வீதியில்தான் நிற்பார்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தொடங்கும்போது பாதி, தளம் பார்க்கக் கிடைத்ததும் ஒரு பகுதி, மீதி ஒப்படைக்கும்போது. தாமதம் எப்போதும் உள்ளடக்கத்தில்தான் வரும்: படம் தருகிறேன், எழுதித் தருகிறேன் என்று மாதம் ஓடும். இத்தனையாம் திகதிக்குள் வராவிட்டால் உள்ளதை வைத்துத் திறக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக எழுத்தில்லாமல் வேலை எடுப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். தகராறும் அங்கேதான் சாதாரணம்.

டொமைனை உங்கள் பெயரில் பதியாதீர்கள். கடையின் பெயரில், கடைக்காரரின் மின்னஞ்சலில், அவருடைய நம்பரோடு பதியுங்கள். தன் பெயரில் பதிந்துவைத்து, பிறகு வாடிக்கையாளர் விலக நினைக்கும்போது பிடித்துவைத்துக்கொள்ளும் ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அது வியாபாரமல்ல, பணயம். எல்கே (.lk) டொமைன் பெயர்களை 1990இலிருந்து ஒரே பதிவகம்தான் நிர்வகிக்கிறது. கடைக்காரர் ஆவணத்தோடு போய்த் தன் பெயரைத் தானே கேட்டு வாங்கும் நிலையில் இருக்கவேண்டும்.

ஒப்படைக்கும் நாளில் ஒரு தாள் கொடுங்கள், கடதாசியிலேயே. டொமைன் எங்கே பதிந்தது, எப்போது புதுப்பிக்கவேண்டும், ஹோஸ்டிங் எங்கே, டொலரில் எவ்வளவு, எந்தப் பிளகினுக்கு உரிமம் வாங்கியது, பெக்கப் எங்கே போகிறது. பாஸ்வேர்ட்டை அதில் எழுதாமல், அது எந்த மின்னஞ்சலுக்குத் திரும்ப வரும் என்பதை எழுதுங்கள். அந்த மின்னஞ்சலை நானாவின் மகன் தன் போனில் உங்கள் முன்னாலேயே ஒருமுறை திறந்து காட்டவேண்டும். பிறகு பெக்கப்பை எடுத்து வேறொரு வெற்று இடத்தில் முழுத் தளத்தையும் மீட்டெடுத்துப் பாருங்கள். முடிந்தால் அதை நீங்கள் செய்யாமல், அந்தத் தளத்தை ஒருநாளும் பார்த்திராத இன்னொரு நிரலாளரிடம் தாளையும் பெக்கப்பையும் மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எங்கேயாவது தடுமாறி அவர் உங்களுக்குப் போன் எடுத்தால், அவர் கேட்ட கேள்வியின் பதிலைத் தாளில் சேர்த்துவிட்டு இறுதித் தவணைக்கான பில்லை அனுப்புங்கள்.